பெரிய ஆர்.சி. (ரேடியோவால் இயக்கும்) விமானத்தில் பேட்டரி, ரிசீவர், இக்னிஷன்: எதை எங்கே, எப்படி வைப்பது

கேள்வி சுருக்கமாக இதுதான்: "இதுவரை 1.4 மீட்டர் ஃபோம் விமானங்களைத்தான் பறக்கவிட்டிருக்கிறேன். இப்போது 50 சிசி பெட்ரோல் இன்ஜின் போடும் எக்ஸ்ட்ரா 300 மாடல் விமானம் ஒன்று வாங்கியிருக்கிறேன். இறக்கை 2.2 மீட்டர், எடை 8 கிலோ அளவில் வரும் என்கிறார்கள். ரிசீவருக்கு 5000 எம்ஏஹெச் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) ஒன்று வைத்தால் போதுமா? இக்னிஷனுக்கும் அதிலிருந்தே எடுக்கலாமா? எதை எங்கே பொருத்துவது?"

முதலில் நேரடியான பதில். ஒரே பெரிய பேட்டரி வேண்டாம். 2500 எம்ஏஹெச் அளவில் ஒரே மாதிரியான இரண்டு பேட்டரிகள், இரண்டுக்கும் தனித்தனி ஸ்விட்ச், இரண்டும் ரிசீவரின் (நம் கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரின் கட்டளையை விமானத்தில் வாங்கும் பெட்டி) வேறு வேறு போர்ட்டுகளுக்கு. இக்னிஷனுக்கு (இன்ஜினில் தீப்பொறி உண்டாக்கும் பெட்டி) தனியாகச் சின்ன பேட்டரி. செர்வோ (கட்டுப்பாடுகளை அசைக்கும் சின்ன மோட்டார்) வயர் எல்லாம் 22 கேஜ் அல்லது அதைவிடத் தடிமன் (கேஜ் எண் குறைந்தால் வயர் தடிமன்). பேட்டரிகளின் இடத்தைக் கடைசியில்தான் முடிவு செய்ய வேண்டும், விமானத்தை முழுதாகக் கோர்த்துத் தூக்கிப் பார்த்த பிறகு. இவ்வளவுதான் பதில். ஆனால் காரணம் தெரியாமல் இதைச் செய்தால் உங்கள் விமானத்தில் ஏதாவது ஒன்று மாறும்போது தடுமாறுவீர்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபோம் விமானத்தில் நான்கு சின்ன செர்வோக்கள் இருக்கும். மோட்டார் ஓட்டும் ஈ.எஸ்.சி. என்ற வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலேயே பி.இ.சி. என்ற மின்சார இணைப்பு இருக்கும், அது ரிசீவருக்கு 5 வோல்ட் கொடுக்கும், கதை முடிந்தது. ரிசீவருக்கான மின்சாரத்தைப் பற்றி நாம் யோசித்ததே கிடையாது. உங்கள் எக்ஸ்ட்ராவில் ஏலிரானுக்கு (இறக்கை மடல்) இரண்டு, எலிவேட்டருக்கு (வாலின் கிடைமட்ட மடல்) இரண்டு, ரட்டருக்கு (வாலின் செங்குத்து மடல்) ஒன்று, த்ராட்டிலுக்கு (இன்ஜின் வேகம்) ஒன்று என்று ஆறு செர்வோக்கள். த்ராட்டிலைத் தவிர மற்ற ஐந்தும் 25, 30 கிலோ-செ.மீ. விசை கொண்ட டிஜிட்டல் செர்வோக்களாக இருக்கும். அப்படிப்பட்ட ஒரு செர்வோ முழு விசையோடு முட்டி நிற்கும்போது 4 முதல் 6 ஆம்பியர் வரை இழுக்கும். வேகமாக வந்து ஸ்னாப் ரோல் (சட்டென்று சுழலும் சாகசம்) அடிக்கும் நொடியில் ஐந்தும் ஒன்றாக உழைக்கும். அந்தக் கணத்தில் 15, 20 ஆம்பியர் தேவைப்படலாம், அரை நொடிகூட நீடிக்காது.

இங்கேதான் புதிதாக வருபவர்கள் குழம்புவார்கள். ஒரு பறத்தலுக்கு மொத்தமாக எவ்வளவு செலவாகிறது என்று பார்த்தால் மிகக் குறைவு. என் 50 சிசி விமானம் பத்து நிமிடப் பறத்தலில் 200 எம்ஏஹெச் சுற்றித்தான் எடுக்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் 5000 எம்ஏஹெச் ஒரு நாள் முழுக்கப் போதும். ஆனால் தொட்டி பெரிதாக இருப்பது வேறு, குழாய் அகலமாக இருப்பது வேறு. ஸ்னாப் ரோல் அடிக்கும் அந்த அரை நொடியில் ரிசீவருக்கு எத்தனை வோல்ட் மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. பல ரிசீவர்கள் 3.5 வோல்ட் சுற்றி வந்துவிட்டால் அணைந்து மறுபடி தொடங்கும். மறுபடி இணைவதற்கு ஒரு நொடி ஆனாலும், தலைகீழாகத் தாழ்வாகப் பறக்கும் 8 கிலோ விமானத்துக்கு அந்த ஒரு நொடி மிக நீளம்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். பழைய வழக்கப்படி ஏஏ அளவு நிக்கல் செல் ஐந்தை அடுக்கி 6 வோல்ட் பேட்டரி செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு செல்லின் உள்தடை சுமார் 30 மில்லி ஓம் என்றால் ஐந்துக்கும் சேர்த்து 150. அதில் 15 ஆம்பியர் இழுத்தால் பேட்டரிக்குள்ளேயே 2.25 வோல்ட் காணாமல் போகும். அதற்கப்புறம் ஸ்விட்ச், கனெக்டர், வயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். மீட்டரில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் 6.4 வோல்ட் காட்டிய பேட்டரிதான், ஆனால் வானத்தில் ரிசீவரை அணைத்துவிடும். சின்னப் பயிற்சி விமானத்துக்கு அருமையான அந்த பேட்டரி பெரிய விமானத்துக்குச் சரிவராதது இதனால்தான்.

சரி, எந்த வகை பேட்டரி? மூன்று வகைகள்தான் இப்போது நடைமுறையில் இருக்கின்றன. இரண்டு செல் லிப்போ, இரண்டு செல் லித்தியம் அயான், இரண்டு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட். முதல் இரண்டும் முழு சார்ஜில் 8.4 வோல்ட். எனவே எல்லா செர்வோக்களும், த்ராட்டில் செர்வோ உட்பட, 8.4 வோல்ட் தாங்குபவையாக இருக்க வேண்டும். பலர் மற்ற ஐந்தையும் ஹை வோல்டேஜ் செர்வோவாக வாங்கிவிட்டு, த்ராட்டிலுக்கு வீட்டில் கிடந்த பழைய 6 வோல்ட் செர்வோவை மாட்டுகிறார்கள். தரையில் ஓடும். நாலாவது பறத்தலில் புகையும்.

என் விருப்பம் இரும்பு பாஸ்பேட். செல்லுக்கு 3.3 வோல்ட், இரண்டுக்கு 6.6. முழு சார்ஜில் 7.2 காட்டும், ஆனால் லேசாகச் சுமை கொடுத்ததுமே 6.6-க்கு வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். 26650 என்ற அளவில், அதாவது 26 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள உருளை செல், 2300, 2500 எம்ஏஹெச் அளவில் கிடைக்கிறது. ஒரு செல் 75 கிராம் சுற்றி. நல்ல செல்லாக இருந்தால் 20 ஆம்பியர் கேட்டாலும் தயங்காமல் தரும், உலோக உறை இருப்பதால் அடி தாங்கும், லிப்போ மாதிரி எளிதில் தீப்பிடிக்காது. சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விமானத்தை வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போகிற நமக்கு இது சின்ன விஷயமில்லை. இந்த இரும்பு பாஸ்பேட்டை பேட்டரிப் பொருளாக 1997-ல் உலகுக்குச் சொன்னது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபின் ஆய்வுக்குழு. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஏ.கே. பாதி (Padhi), நஞ்சுண்டசுவாமி என்ற இருவரும் உண்டு. குட்இனஃபுக்கு 2019-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்த செல்லைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இரும்பு பாஸ்பேட்டில் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, சார்ஜரில் அதற்கென்று இருக்கும் மோடில் மட்டுமே சார்ஜ் செய்யுங்கள். செல்லுக்கு 3.6 வோல்ட்டோடு நிற்க வேண்டும். தவறுதலாக லிப்போ மோடில் போட்டால் 4.2 வரை தள்ளி செல்லைக் கெடுத்துவிடும். இரண்டு, வோல்டேஜைப் பார்த்து எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று சொல்ல முடியாது. பாதி தீர்ந்தாலும் 6.6, முக்கால் தீர்ந்தாலும் ஏறக்குறைய அதே 6.6. கடைசியில் திடீரென்று சரியும். ஆகவே பறந்த பிறகு சார்ஜர் எத்தனை எம்ஏஹெச் திரும்ப ஏற்றியது என்பதைப் பார்த்து, ஒரு பறத்தலுக்கு இவ்வளவு என்று நீங்களே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நான் இரண்டு பேட்டரிகளின் மொத்தக் கொள்ளளவில் பாதியைத் தாண்ட விடுவதில்லை.

ரெகுலேட்டர் வைக்கலாமா என்றும் பலர் கேட்பார்கள். 8.4 வோல்ட் பேட்டரியை 6 வோல்ட்டாக இறக்கும் சாதாரண லீனியர் ரெகுலேட்டரில் 5 ஆம்பியர் ஓடினால் 12 வாட் வெறும் சூடாக வெளியேறும். காற்றோட்டமில்லாத உடலுக்குள் அது நல்லதில்லை. அதைவிட முக்கியம், இரண்டு பேட்டரி வைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே ரெகுலேட்டர் வழியாக அனுப்பினால், அந்த ரெகுலேட்டர் போனால் எல்லாம் போச்சு. செர்வோக்களைப் பேட்டரிக்கு ஏற்றபடி தேர்ந்தெடுத்து, ரெகுலேட்டரே இல்லாமல் கட்டுவதுதான் 50 சிசி அளவுக்குச் சுத்தமான வழி. 100 சிசி, பத்துப் பன்னிரண்டு செர்வோக்கள் என்று போகும்போது ஜெர்மனியின் டோனாவெர்த் ஊரிலிருந்து வரும் பவர்பாக்ஸ் போன்ற இரட்டை ரெகுலேட்டர் பெட்டிகளுக்கு அர்த்தம் இருக்கிறது. உங்களுக்கு இப்போது தேவையில்லை.

இரண்டு பேட்டரிகளை நேராக ரிசீவரில் சொருகினால் ஒன்று மற்றதைக் கெடுக்காதா என்றால், ஒரே வகை, ஒரே கொள்ளளவு, ஒன்றாக வாங்கியவை, இரண்டும் முழுதாக சார்ஜ் ஆனவை என்றால் பிரச்சினை வராது. ஒரு பேட்டரியில் ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் நல்ல பேட்டரி அதற்குள் கொஞ்சம் கொட்டும் என்பது உண்மை. அதைத் தடுக்க டையோடு வைத்த இரட்டை ஸ்விட்ச்கள் உண்டு, பதிலுக்கு 0.3 முதல் 0.5 வோல்ட் வரை இழப்பீர்கள். இரண்டில் எதைச் செய்தாலும் தவறில்லை. எதைச் செய்தாலும் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு பேட்டரியும் தனியாகவே விமானத்தை முழுதாகப் பறக்கவைக்கும் திறன் கொண்டதாக இருக்க வேண்டும். இரண்டு பலவீனமான பேட்டரிகள் சேர்ந்து ஒரு நல்ல பேட்டரி ஆவதில்லை.

இப்போது வயர். இதில்தான் நிறையப் பேர் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். உங்கள் எலிவேட்டர் செர்வோக்கள் வால் பகுதியில் இருக்கும். ரிசீவரிலிருந்து அங்கே போக ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் வேண்டும். கடையில் மலிவாகக் கிடைப்பது 26 கேஜ். அதன் தடை மீட்டருக்கு சுமார் 0.134 ஓம். போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர், ஆக 0.268. செர்வோ 5 ஆம்பியர் கேட்கும் கணத்தில் 1.3 வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே கரைந்துவிடும். அதே நீளம் 22 கேஜில் 0.106 ஓம்தான், இழப்பு அரை வோல்ட்டோடு நிற்கும். 6.6 வோல்ட் கொடுத்து 5.3 வாங்கும் செர்வோ, பெட்டியில் அச்சிட்ட விசையைத் தராது. வேகமாகப் பறக்கும்போது எலிவேட்டர் காற்றின் அழுத்தத்தில் பின்வாங்கும். விமானம் "மந்தமாக இருக்கிறது" என்று சொல்பவர்களின் வயரைத் தொட்டுப் பார்த்தால் பல நேரம் முடியைப் போல மெல்லிசாக இருக்கும்.

கனெக்டருக்கும் எல்லை உண்டு. நாம் எல்லோரும் பயன்படுத்தும் மூன்று முள் செர்வோ கனெக்டர் தொடர்ச்சியாக 3 ஆம்பியர் அளவுக்குத்தான் வசதியானது, நொடிப்பொழுது உச்சத்தைத் தாங்கும். அதனால்தான் மின்சாரம் ரிசீவருக்குள் நுழைய இரண்டு வாசல்கள் வேண்டும் என்கிறேன். இரண்டு பேட்டரி, இரண்டு போர்ட் என்று வைக்கும்போது அது தானாகவே கிடைத்துவிடுகிறது. தடித்த எக்ஸ்.டி. வகைக் கனெக்டரோடு வரும் ரிசீவர் உங்களிடம் இருந்தால் இன்னும் நல்லது.

பெட்ரோல் இன்ஜின் நிமிடத்துக்கு 6600 சுற்று சுற்றினால் நொடிக்கு 110 தடவை விமானம் அதிர்கிறது. பூட்டில்லாத எந்தக் கனெக்டரும் மெல்ல மெல்ல வெளியே நகரும். இது என் கண்ணால் பார்த்தது. ஒரு மாலை நான்கு பறத்தல் முடித்துவிட்டு இறக்கையைக் கழற்றும்போது வலது ஏலிரான் கனெக்டர் பாதிக்கு மேல் கழன்று முள் வெளியே தெரிந்தது. ஐந்தாவது பறத்தலுக்கு பெட்ரோல் இருந்தது, வெளிச்சம்தான் இல்லை. அன்றிலிருந்து நிரந்தரமாக இருக்கும் இணைப்புகளுக்கு ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் இறுகும்) குழாய், கழற்றி மாட்டும் இறக்கை இணைப்புகளுக்குப் பிளாஸ்டிக் கிளிப் அல்லது மெழுகு நூல் கட்டு. இன்சுலேஷன் டேப் மட்டும் வேண்டாம். வெயிலில் பசை இளகி, எண்ணெய் பட்டுத் தானாகப் பிரிந்துவிடும்.

வயர்களைக் கொண்டுபோகும்போது மரச்சட்டத்தின் கூர்மையான விளிம்பில் உரசாமல் பாருங்கள். ஒவ்வொரு துவாரத்திலும் ரப்பர் வளையம் அல்லது பிளந்த சிலிக்கான் குழாய் போடுங்கள். பெட்ரோல் டேங்குக்கு அடியில் வயர் போகக் கூடாது, ஒரு நாள் ஒழுகும். எல்லா வயரும் கொஞ்சம் தளர்வாக, ஆனால் ஆடாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். இறுக்கி இழுத்துக் கட்டினால் அதிர்வு முழுவதும் சால்டர் முனைக்குப் போய் அங்கே ஒடியும்.

ஸ்விட்ச் பற்றி நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுத்தான் பேசுவேன். என் முதல் பெரிய விமானம் 2.1 மீட்டர், எட்டு மாதம் மாலை மாலையாக உட்கார்ந்து கட்டியது. நல்ல பேட்டரி, நல்ல செர்வோ, ஆனால் ஒரே ஒரு சாதாரண ஸ்லைடு ஸ்விட்ச். அதையும் கைக்கு வசதியாக ஃபயர்வாலுக்கு (இன்ஜின் பொருத்தும் முன்சுவர்) பக்கத்தில், அதிர்வு அதிகமான இடத்தில் பொருத்தியிருந்தேன். பதினோராவது பறத்தலில் நேராகப் போய்க்கொண்டிருந்த விமானம் எந்த உத்தரவையும் கேட்காமல் வரிசைப் பனைமரங்களுக்குப் பின்னால் இறங்கியது. உடைசலிலிருந்து ஸ்விட்சை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே நகரும் தகடு தேய்ந்து கறுத்திருந்தது. பேட்டரி இன்னும் முக்கால் நிறைந்திருந்தது. செய்தது நான்தான். அந்தத் தகட்டை ஒரு சின்ன டப்பாவில் இன்னும் வைத்திருக்கிறேன்.

அதனால், மின்னணு ஸ்விட்ச் வாங்குங்கள். நல்ல வடிவமைப்பில், நாம் தள்ளும் பொத்தான் கரண்ட்டைச் சுமக்காது. "அணை" என்ற கட்டளையை மட்டும் அனுப்பும். பொத்தானோ அதன் வயரோ பிய்ந்துபோனால் ஸ்விட்ச் ஆன் நிலையிலேயே இருக்கும். இப்படி ஒன்று இருப்பதை வாங்கும்போதே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், வீட்டில் வயரைப் பிடுங்கியும் பாருங்கள். பேட்டரிக்கு ஒன்றாக இரண்டு. சைலன்சர் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில், இறக்கைக்குப் பின்னால் பொருத்துங்கள். புகையும் எண்ணெயும் அங்கே வராது, புரொப்பெல்லருக்குக் கையும் எட்டாது.

இக்னிஷன் தனி உலகம். ஸ்பார்க் பிளக்குக்கு ஆயிரக்கணக்கான வோல்ட்டை நொடிக்கு நூறு தடவை அனுப்பும் பெட்டி அது, ரேடியோ இரைச்சலுக்கு அதைவிட நல்ல ஊற்று விமானத்தில் வேறில்லை. அதனால்தான் அதற்குத் தனி பேட்டரி, தனி ஸ்விட்ச் என்கிறேன். ரிசீவர் பேட்டரியிலிருந்து வடிகட்டி எடுத்துக் கொடுக்கும் சாதனங்கள் உண்டு, நன்றாகவும் வேலை செய்கின்றன. ஆனால் இது உங்கள் முதல் பெட்ரோல் விமானம். கூடுதலாக 100 கிராம் போனாலும் இரண்டு உலகத்தையும் பிரித்தே வையுங்கள். 1100 முதல் 1500 எம்ஏஹெச் வரை உள்ள இரண்டு செல் இரும்பு பாஸ்பேட் போதும். அதற்கு முன் இக்னிஷன் பெட்டியில் எத்தனை வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். பழையவை பல 6 வோல்ட்டோடு நிற்பவை, புதியவை 8.4 வரை ஏற்கும்.

இக்னிஷன் பெட்டி, அதன் பேட்டரி, அதன் வயர் எல்லாம் ஃபயர்வாலுக்கு முன்னாலோ ஒட்டியோ இருக்கட்டும். ரிசீவரும் அதன் பேட்டரிகளும் அங்கிருந்து குறைந்தது 30 செ.மீ. பின்னால். இரண்டு பக்கத்து வயர்களும் இணையாக ஓடக் கூடாது, தாண்டியே ஆக வேண்டுமென்றால் குறுக்காகத் தாண்டட்டும். ஸ்பார்க் பிளக் வயரின் மேல் இருக்கும் உலோகப் பின்னல் அழகுக்கு இல்லை. பிளக் தொப்பி சிலிண்டர் தலையில் இறுக்கமாக உட்கார்ந்தால்தான் அந்தப் பின்னல் இரைச்சலை அடக்கும், தொப்பி லேசாக ஆடினாலும் அன்று பறக்க வேண்டாம். த்ராட்டில் செர்வோவை இன்ஜின் பெட்டியில் மாட்டாமல் உள்ளே தள்ளி வைத்து, கார்பரேட்டருக்கு நைலான் தண்டு போடுங்கள். கம்பித் தண்டு போட்டால் இன்ஜினையும் ரிசீவர் பக்கத்தையும் உலோகத்தால் இணைத்ததாக ஆகிவிடும். டிரான்ஸ்மிட்டரிலிருந்து இன்ஜினை அணைக்கும் ஆப்டிகல் கில் ஸ்விட்ச் ஒன்றும் வாங்குங்கள். ஒளி வழியாகக் கட்டளை போவதால் மின்தொடர்பு இல்லை. 22, 23 அங்குல புரொப்பெல்லர் சுற்றும்போது கையை உள்ளே விடாமல் அணைக்க முடிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது முதல் நாளே தெரியும்.

இனி இடம். முதலில் எதையும் ஒட்டாதீர்கள். இன்ஜின், கவுல் (இன்ஜின் மூடி), சைலன்சர், செர்வோ, சக்கரம், வால் எல்லாம் பொருத்தி, டேங்க் காலியாக, கையேடு சொல்லும் சி.ஜி. (எடை மையம்) புள்ளியில் விமானத்தைத் தூக்கிப் பாருங்கள். மூக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, பேட்டரிகளை டேப் போட்டு முன்னும் பின்னும் நகர்த்துங்கள். 8 கிலோ விமானத்தில் 250 கிராம் பேட்டரியை 60 செ.மீ. நகர்த்தினால் சி.ஜி. கிட்டத்தட்ட 1.9 செ.மீ. நகரும். ஈயக்கட்டி ஒரு கிராம்கூடச் சேர்க்காமல் சமன் செய்ய இது போதும். நம் கையில் இருக்கும் ஒரே நகரும் எடை பேட்டரிதான், அதை முதலிலேயே ஒட்டிவிட்டு வாலில் ஈயம் திருகுபவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. இரண்டு பேட்டரிகளையும் ஒரே இடத்தில் அடுக்காமல் இடம் வலமாக அல்லது சற்றுத் தள்ளித் தள்ளி வையுங்கள். ஒரு பக்கம் அடிபட்டால் மறுபக்கம் பிழைக்கும்.

பொருத்தும் முறை: 3 மி.மீ. பிளைவுட் தட்டு, மேலே பிசுபிசுப்பில்லாத, வழுக்காத ரப்பர் விரிப்பு, அதன்மேல் 6 மி.மீ. ஃபோம், அதன்மேல் பேட்டரி, பிறகு குறுக்காக இரண்டு வெல்க்ரோ பட்டைகள். பட்டை தட்டின் அடியில் சுற்றி வர வேண்டும். ஒட்டுப் பசையை மட்டும் நம்பக் கூடாது. விமானம் பத்து மடங்கு ஈர்ப்பில் நிமிரும்போது 200 கிராம் பேட்டரி 2 கிலோ எடையோடு இழுக்கும் என்று நினைத்துக்கொண்டு கட்டுங்கள்.

ரிசீவரை மெத்தென்ற ஃபோமில் சுற்றி வைப்பதே வழக்கம். ஆனால் அதற்குள் கைரோ (விமானம் திரும்புவதை உணரும் சென்சார்) இருந்தால் சுற்றக் கூடாது. கைரோவுக்கு விமானத்தோடு சேர்ந்து அசைய வேண்டும், அதனால் நல்ல கெட்டியான இருபக்கப் பசை ஃபோம் டேப்பில் மட்டமாக, விமானத்தின் அச்சுக்கு நேராக ஒட்டுங்கள். ஆன்டெனா விஷயத்தில் பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். 72 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் அலைநீளம் 4 மீட்டருக்கு மேல், ஒரு மீட்டர் வயர் வாலிலிருந்து தொங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 செ.மீ. கோஆக்சியல் வயரின் நுனியில் உறை உரித்த சுமார் 31 மி.மீ. மட்டும்தான் உண்மையான ஆன்டெனா. அந்த நுனி மடங்காமல் நேராக இருக்கட்டும். இரண்டு நுனிகளும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் இருக்கட்டும், விமானம் எப்படிப் புரண்டாலும் ஒன்றாவது நம் பக்கம் முகம் காட்டும். இறக்கையின் அலுமினிய அல்லது கார்பன் குழாய், பேட்டரி, டேங்க், உடலுக்குள் ஓடும் புகைக்குழாய் எதுவும் அருகில் வேண்டாம். கார்பன் ஃபைபர் ரேடியோ அலையை மறைக்கும், உடல் எங்கெல்லாம் கார்பன் துணி போட்டு பலப்படுத்தியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, வெளியே நீட்டிய சின்ன பிளாஸ்டிக் குழாய்க்குள் நுனியைச் செலுத்துங்கள்.

செர்வோ பொருத்துவதை இரண்டு வார்த்தையில் முடிக்கிறேன். ரப்பர் வளையத்துக்குள் வரும் பித்தளைக் குழலின் அகலமான விளிம்பு மரத்தின் பக்கம் இருக்க வேண்டும், பலர் தலைகீழாகப் போட்டு மரத்தைக் குடைகிறார்கள். திருகு துவாரத்தில் மெல்லிய சயனோ பசை ஒரு சொட்டு விட்டுக் காயவைத்த பிறகு திருகினால் மரம் இற்றுப்போகாது. செர்வோ கொம்பு உலோகமாக இருக்கட்டும். அதன் பல் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 23, 24, 25 என்று உண்டு, இறுக்கி மாட்டினால் போதும் என்று மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

செர்வோவிலிருந்து போகும் தண்டு எங்காவது முட்டுகிறதா என்பதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது. பேட்டரிக்கும் ரிசீவருக்கும் நடுவே ஒரு வாட் மீட்டரை மாட்டி, ஸ்டிக்கைத் தொடாமல் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ஒவ்வொரு செர்வோவாகச் சொருகிப் பாருங்கள். ஒன்றைச் சொருகியதும் எண் சட்டென்று ஏறினால் அங்கே தண்டு முட்டுகிறது அல்லது கீல் இறுக்கமாக இருக்கிறது. ரட்டரில் இரண்டு செர்வோ இணைத்திருந்தால் இது இன்னும் அவசியம், ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு பேட்டரியைக் காலி செய்துகொண்டே இருக்கும். ஸ்டிக்கை மூலைக்கு மூலை தள்ளி, கடைசியில் செர்வோ முனகுகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு மீட்டரை வோல்டேஜில் வைத்து, ரிசீவரின் காலியான போர்ட்டில் சொருகுங்கள். ஒரு பேட்டரியை மட்டும் ஆன் செய்து, ஒரு நண்பர் இரண்டு எலிவேட்டரையும் மெதுவாகக் கையால் அழுத்திப் பிடிக்க, நீங்கள் இரண்டு ஸ்டிக்கையும் வேகமாகச் சுழற்றுங்கள். வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 6.6 வோல்ட் பேட்டரியில் 5.5-க்குக் கீழே போகிறதென்றால் வயரையோ ஸ்விட்சையோ மறுபடி பார்க்க வேண்டும். அடுத்து அதை அணைத்துவிட்டு மற்ற பேட்டரியில் அதே சோதனை. சில ரிசீவர்கள் நடுவில் அணைந்து எழுந்தால் விளக்கைச் சிமிட்டிக் காட்டும், டெலிமெட்ரி (விமானத்திலிருந்து தகவல் திரும்ப அனுப்பும் வசதி) இருந்தால் மிகக் குறைந்த வோல்டேஜைப் பதிவு செய்யும். இரண்டையும் ஒவ்வொரு பறத்தலுக்குப் பிறகும் பாருங்கள்.

ஃபெயில்சேஃபை (சிக்னல் போனால் ரிசீவர் தானாகச் செய்ய வேண்டியது) நீங்களே அமைத்து, நீங்களே சோதியுங்கள். விமானத்தைக் கட்டி வைத்து, இன்ஜின் ஓடாமல், த்ராட்டிலைப் பாதியில் வைத்து டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். த்ராட்டில் செர்வோ மூடும் பக்கம் போக வேண்டும், கில் ஸ்விட்ச் இக்னிஷனை வெட்ட வேண்டும். த்ராட்டில் அப்படியே நின்றால், அந்த விமானம் சிக்னல் இழந்த பிறகும் முழு வேகத்தில் போகும்.

ரேஞ்ச் சோதனை இரண்டு தடவை. டிரான்ஸ்மிட்டரைக் குறைந்த சக்தி மோடில் வைத்து, கையேடு சொல்லும் தூரம், பெரும்பாலும் முப்பது தப்படி, நடந்து போய் எல்லாக் கட்டுப்பாடுகளையும் அசையுங்கள். பிறகு இருவர் விமானத்தை வாலிலும் இறக்கையிலும் பிடித்துக்கொள்ள, இன்ஜினை ஓட விட்டு அதே தூரத்திலிருந்து மறுபடி. ஐடிலில் ஒரு முறை, பாதி த்ராட்டிலில் ஒரு முறை, முழு த்ராட்டிலில் ஒரு முறை. இன்ஜின் ஓடாதபோது சரியாக இருந்து, ஓடும்போது ஏலிரான் துடித்தால் அது இக்னிஷன் இரைச்சல். பிளக் தொப்பியையும், இரண்டு பக்க வயர்களின் இடைவெளியையும் முதலில் பாருங்கள்.

முதல் பறத்தல் ஐந்து நிமிடம் போதும், ட்ரிம் செய்துவிட்டு இறக்குங்கள். இக்னிஷனை முதலில் அணையுங்கள், பிறகு ரிசீவர், கடைசியாக டிரான்ஸ்மிட்டர். கேனப்பியை (விமானி அறை மூடி) திறந்து ஒவ்வொரு கனெக்டரையும் விரலால் அழுத்திப் பாருங்கள், பேட்டரி பட்டையை இழுத்துப் பாருங்கள், ஸ்விட்ச் சூடாக இருக்கிறதா என்று தொடுங்கள். அப்புறம் மூன்று பேட்டரிகளையும் தனித்தனியாக சார்ஜரில் போட்டு, எது எத்தனை எம்ஏஹெச் வாங்கியது என்று நோட்டில் எழுதுங்கள். ரிசீவர் பேட்டரிகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வாங்கியிருந்தால் டேங்கை நிரப்பி இரண்டாவது பறத்தலுக்குப் போகலாம். ஒன்று 90, மற்றது 20 என்று இருந்தால் இரண்டாவதன் ஸ்விட்ச், கனெக்டர், சால்டர் மூன்றையும் பார்த்து முடிக்கும்வரை விமானம் மேசைமேலேயே இருக்கட்டும்.